பெட்ரோல் முள் முதல் டேக்கோமீட்டர் வரை: ஓர் எம்ஜிபியின் மீட்டர்களைச் சீர்செய்த குறிப்புகள்

வேலைக்கு எடுத்தது 1970-இல் செய்த எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். நெகட்டிவ் எர்த் வண்டி, அதாவது பேட்டரியின் நெகட்டிவ் முனை பாடியோடு சேர்ந்தது. டேஷ்போர்டில் ஸ்மித்ஸ் மீட்டர்கள் நான்கு. பெட்ரோல் மீட்டர், டேங்க் நிறைய அடித்தாலும் முக்காலைத் தொடாது. ஆனால் இன்ஜின் வேகம் ஏற ஏற முள்ளும் கொஞ்சம் ஏறும். ஸ்பீடோமீட்டர் முள் 30 மைலுக்கு மேல் உதறும், ஓடிய மைல் கணக்கை ஏற்றும் எண் சக்கரங்கள் ஓடவில்லை. எண்ணெய் அழுத்தத்தையும் தண்ணீர்ச் சூட்டையும் ஒரே வட்டத்தில் காட்டும் இரட்டை மீட்டரில் கண்ணாடிக்குள் பூஞ்சை, பின்பக்கம் எண்ணெய்க் கசிவு. இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் டேக்கோமீட்டர், இருக்கிற வேகத்தைவிடக் குறைத்துக் காட்டியது.

மினி, மோரிஸ் மைனர், ட்ரையம்ஃப் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி அப்படியே பொருந்தும். டாட்சன் 1200, பழைய கொரோலா போன்ற ஜப்பானிய வண்டிகளில் எங்கே வேறுபடும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மீட்டர் தப்பாகக் காட்டினால் உடனே அதைக் கழற்றித் திறக்கக் கூடாது. பழைய கார்களில் மீட்டரின் உள்ளே பழுது இருப்பது அபூர்வம். எர்த், சென்டர் என்று நாம் சொல்லும் டேங்க் யூனிட் (டேங்கில் மிதவையோடு இருந்து பெட்ரோல் அளவை ஓமாக மாற்றித் தருவது), வோல்டேஜ் ஸ்டெபிலைசர், ஒயர் முனைகள், கேபிள் என்று வெளியிலிருந்து உள்ளே வர வேண்டும். ஐம்பது வருடம் யாரும் தொடாத மீட்டரைத் திறந்தால், அதுவரை இல்லாத பழுது அன்றைக்குத்தான் வந்து சேரும். அதனால் திறப்பது கடைசி வேலை.

சிங்கப்பூரில் பழைய கார்களுக்கான கிளாசிக் திட்டத்தில் பதிந்த கார் ஆண்டுக்கு 45 நாள்தான் வழக்கமாக ஓடலாம். மற்ற நாளெல்லாம் பல மாடிக் கார் நிறுத்துமிடத்தில், எண்பது விழுக்காட்டுக்கு மேலான ஈரப்பதத்தில் நிற்கும். ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதுதான் இங்கே அதிகம். சென்டரின் மெல்லிய ஒயரில் கறை படியும், கிரீஸ் பிசினாகும், பல்ப் ஹோல்டரில் பச்சை பூக்கும்.

பெட்ரோல் மீட்டர்

இந்தக் காலத்து ஸ்மித்ஸ் பெட்ரோல் மீட்டரின் உள்ளே இருப்பது இரட்டை உலோகப் பட்டையும் அதைச் சுற்றிய சூடேற்றும் கம்பியும். மின்சாரம் போனால் பட்டை சூடாகி வளையும், முள் நகரும். அதனால்தான் சாவி போட்டதும் முள் குதிக்காமல் மெதுவாக ஏறுகிறது. எந்தச் சோதனை செய்தாலும் முள் நிலைக்கு வர ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும்; பொறுக்காமல் படித்த அளவு எதற்கும் உதவாது.

மீட்டருக்கு வேண்டியது 10 வோல்ட். பேட்டரியின் 12 வோல்ட்டை நேரடியாகக் கொடுத்துப் பார்க்கக் கூடாது, கம்பி எரிந்துவிடும். அந்தப் பத்து வோல்ட்டைக் கொடுப்பது டேஷ்போர்டுக்குப் பின்னால் திருகியிருக்கும் சின்னத் தகரப் பெட்டி, ஸ்டெபிலைசர். பி என்ற முனையில் பச்சை ஒயர், இக்னிஷனிலிருந்து வருவது. ஐ என்ற முனையில் இளம்பச்சையில் பச்சைக் கோடு போட்ட ஒயர், மீட்டருக்குப் போவது. மீட்டரிலிருந்து சென்டருக்குப் போவது பச்சையில் கறுப்புக் கோடு. பழைய ஸ்டெபிலைசர் நிலையான பத்து வோல்ட் தராது; 12 வோல்ட்டை விட்டு விட்டுக் கொடுத்து, சராசரியில் பத்தாக்கும். டிஜிட்டல் மல்டிமீட்டர் வைத்தால் எண்கள் தாவிக்கொண்டே இருக்கும். அது பழுதல்ல, அதன் வேலையே அதுதான். எண்கள் தாவாமல் 12-க்கு மேலேயே நின்றால்தான் பழுது.

இந்த வண்டியில் நின்றது. காரணம், பெட்டியைப் பிடித்திருந்த திருகின் கீழ் துரு. ஸ்டெபிலைசருக்கு அந்தத் திருகுதான் எர்த். எர்த் போனால் உள்ளே பட்டை சூடாகாது, தொடுமுனை திறக்காது, முழு வோல்ட்டும் மீட்டருக்குப் போய்விடும். இன்ஜின் வேகத்தோடு முள் ஏறியது அதனால்தான். எளிய சோதனை: சாவி மட்டும் போட்டு முள் நிற்கும் இடத்தைப் பாருங்கள், இன்ஜினை ஓட்டி 2,000 சுற்றில் வைத்து ஒரு நிமிடம் கழித்துப் பாருங்கள். முள் அசைந்திருந்தால் ஸ்டெபிலைசர். தண்ணீர்ச் சூட்டு மீட்டரும் மின்சாரத்தில் ஓடும் வண்டியாக இருந்தால் இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறும். அப்போது சந்தேகமே வேண்டாம்.

அப்படியானால் டேங்க் நிறைந்தும் ஏன் முக்காலைத் தொடவில்லை? சென்டர் பக்கத்து எர்த்தும் கெட்டிருந்தது. டேங்கிலிருந்து பாடிக்கு வரும் கறுப்பு ஒயரின் முனையில் ஐம்பது ஓமுக்கு மேல் தடை. அது முள்ளைக் கீழே இழுத்தது, ஸ்டெபிலைசர் மேலே தள்ளியது. இரண்டு பழுதும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு, ஓரளவு சரியாகக் காட்டுவது போன்ற தோற்றம் தந்தன. ஸ்டெபிலைசரை மட்டும் மாற்றினால் முள் இன்னும் கீழே போகும். 'புது ஸ்டெபிலைசர் போட்டதும் மீட்டர் கெட்டுவிட்டது' என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் பார்த்திருப்பார்கள். ஆகவே எர்த் இரண்டையும் முதலில் சுத்தம் செய்யுங்கள்: திருகைக் கழற்றி, உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து, நட்சத்திர வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாஸ்லின் பூசி மூடிவிடலாம்.

சுத்தம் செய்தபின் பழைய ஸ்டெபிலைசரே வேலை செய்யும். ஆனாலும் அதை மாற்றுவதுதான் நல்லது. அதன் தொடுமுனைகள் ஒருநாள் ஒட்டிக்கொண்டால் மீட்டர் எரியும். சிம் லிம் டவரில் ஓரிரு வெள்ளிக்குக் கிடைக்கும் 7810 என்ற 10 வோல்ட் ரெகுலேட்டர் போதும். எல்எம்2940 வகையில் 10 வோல்ட் கிடைத்தால் அதுவே மேல்: பேட்டரி இறங்கியிருந்தாலும் பத்து வோல்ட்டைப் பிடித்து நிற்கும், தலைகீழ் இணைப்பையும் தாங்கும். அதற்கு வெளிவழியில் 22 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் கட்டாயம். இல்லாவிட்டால் வோல்ட் அலைபாயும். உள்வழியில் 0.47 மைக்ரோஃபேரட். பழைய தகரப் பெட்டியின் மடிப்பைத் திறந்து, உள்ளிருப்பதை எடுத்துவிட்டு, ரெகுலேட்டரின் உலோக முதுகைப் பெட்டியோடு சேர்த்து போல்ட் போடுங்கள். முதுகே எர்த், பெட்டியே சூடு தணிக்கும் தகடு. பழைய பி, ஐ முனைகளிலேயே ஒயரைச் சால்டர் செய்தால் வெளியிலிருந்து பார்க்க எந்த மாற்றமும் தெரியாது. ஒரு மீட்டருக்கு ரெகுலேட்டரில் எழும் சூடு அரை வாட்தான், இரண்டுக்கு ஒரு வாட்.

பாசிட்டிவ் எர்த் வண்டிக்கு இதை அப்படியே போடக் கூடாது. 79 வரிசை நெகட்டிவ் ரெகுலேட்டர் வேண்டும். அதன் முதுகு எர்த் அல்ல, மின்சாரம் உள்ளே வரும் முனை. மைகா தகடும் பிளாஸ்டிக் புஷ்ஷும் போட்டுத் தனிமைப்படுத்தாமல் பெட்டியில் திருகினால் நேராக ஷார்ட். டாட்சன், டொயோட்டா வண்டிகளில் தனிப்பெட்டியைத் தேடாதீர்கள். ரெகுலேட்டர் பெட்ரோல் மீட்டரின் உள்ளேயே இருக்கும், வோல்ட்டும் பத்துக்குக் குறைவு.

மீட்டரை மேசையில் வைத்துச் சோதிக்க 10 வோல்ட் பவர் சப்ளையும் மூன்று ரெசிஸ்டரும் போதும். சென்டருக்குப் பதிலாக 22 ஓம் கொடுத்தால் முள் ஃபுல் அருகே, 68 ஓமுக்குப் பாதியில், 240 ஓமுக்கு எம்ப்டி அருகே நிற்க வேண்டும். மூன்றும் ஒரு வாட் ரெசிஸ்டர்களாக இருக்கட்டும். கால் வாட் போட்டால் தொட முடியாத அளவுக்குச் சூடாகி அளவும் மாறும். இந்த மீட்டர் மூன்றிலும் சரியாக நின்றது. திறக்க அவசியமே இல்லை.

சென்டரைக் கழற்றும் வேலையைக் கார் நிறுத்துமிடத்தில் செய்யாதீர்கள். எம்ஜிபியில் அது டேங்கின் பக்கவாட்டில் இருக்கிறது, டேங்கை வடித்தாக வேண்டும். பெட்ரோலை வடிக்கவும் வைக்கவும் வசதியுள்ள வொர்க்‌ஷாப்பில்தான் இது நடக்க வேண்டும். பேட்டரி எர்த்தை முதலில் கழற்றுங்கள். பூட்டு வளையத்தைப் பித்தளை உளியால் தட்டித் திருப்ப வேண்டும், இரும்பு உளி பொறி பறக்கவிடும். வெளியே எடுத்த சென்டரின் மிதவைக் கையை மெதுவாக மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டே ஓமைப் பாருங்கள். எண்ணிக்கை சீராக ஏற வேண்டும். நடுவில் எங்காவது அளவே காட்டாமல் போனால் அந்த இடத்தில் கம்பி அறுந்திருக்கிறது, சென்டர் மாற்ற வேண்டியதுதான். வெறும் தாவல் என்றால் கறை. தொடுநாக்கு ஓடும் தடத்தைக் கான்டாக்ட் கிளீனரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும், எமரித் தாள் கூடாது. மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே சத்தம் கேட்டால் பெட்ரோல் புகுந்துவிட்டது.

இனி முக்கால் டேங்க். சிங்கப்பூர்ப் பதிவு கார் உட்லண்ட்ஸ் வழியாகவோ துவாஸ் வழியாகவோ ஜொகூருக்குப் போக, டேங்கில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும். 1989-இல் அரை டேங்க் என்று வந்த விதி, 1991-இல் முக்காலானது. சோதனைச்சாவடியில் அவர்கள் பார்ப்பது முள்ளைத்தான். நிறைய பெட்ரோல் இருந்தும் முள் கீழே நின்றால் திரும்ப வேண்டியதுதான். முள்ளை வேண்டுமென்றே உயர்த்தி வைப்பது குற்றம். ஆகவே இந்தக் காரில் முதலில் சரியாக வர வேண்டிய புள்ளி ஃபுல்லும் அல்ல, எம்ப்டியும் அல்ல, முக்கால்.

இந்த எம்ஜிபியின் டேங்க் 12 இம்பீரியல் கேலன், ஏறத்தாழ 54.5 லிட்டர். முக்கால் என்றால் 41 லிட்டர். டேங்க் வடித்த நிலையில் வொர்க்‌ஷாப்பிலேயே அளந்து ஊற்றினோம்: பத்து லிட்டர் ஊற்றுவது, வண்டி சமதரையில் நிற்கிறதா என்று பார்ப்பது, டேஷ்போர்டுப் பக்கம் பச்சை-கறுப்பு ஒயரைக் கழற்றி ஓமைக் குறிப்பது, திரும்ப மாட்டி ஒரு நிமிடம் விட்டு முள்ளைக் குறிப்பது. நாற்பதுக்குப் பின் ஒவ்வொரு லிட்டராக. 41-இல் முள் கோட்டுக்குக் கீழே நின்றால், முதலில் பார்க்க வேண்டியது ஓம். ஓம் அதிகமாக இருந்தால் மிதவைக் கையை மிக லேசாக வளைக்க வேண்டும். ஓம் சரியாக இருந்து முள் மட்டும் தவறினால்தான் மீட்டரின் முதுகிலுள்ள இரண்டு துளைகளுக்கு வர வேண்டும். தக்கை போட்டு மூடியிருக்கும். உள்ளே பல் வைத்த தகடு தெரியும், சின்ன ஸ்க்ரூடிரைவரால் நகர்த்தலாம். ஒன்று எம்ப்டிக்கு, இன்னொன்று ஃபுல்லுக்கு. ஒன்றைத் தொட்டால் மற்றதும் கொஞ்சம் நகரும், அதனால் மாறி மாறிச் சரிசெய்து, தக்கையைத் திரும்ப அடைக்க வேண்டும். அளவுக் குறிப்பை வண்டிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பீடோமீட்டர்

கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. அதைச் சூழ்ந்து, தொடாமல் நிற்கும் அலுமினியக் கிண்ணம் இழுபடுகிறது. மயிர்போன்ற ஸ்பிரிங் அதைத் தடுத்துப் பிடிக்கிறது. இவ்வளவுதான். காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் இடையே இருக்க வேண்டியது காற்று மட்டும். அங்கே கிரீஸ் வந்தால் முள் உதறும். கெட்டியாகிவிட்டால் முள் ஒரேயடியாகக் கடைசி எண்ணுக்குப் போய் நின்றுவிடும்.

கிரீஸ் எங்கிருந்து வருகிறது? கேபிளுக்கு நிறையப் பூசுவதிலிருந்துதான். உள்கேபிள் சுழலும்போது கிரீஸைத் திருகுபோல மேலே ஏற்றிக் கொண்டுவரும். ஆகவே கேபிளின் மீட்டர்ப் பக்க முனையில் இருபது சென்டிமீட்டருக்கு ஒன்றும் பூசக் கூடாது, மிச்சத்துக்கும் விரலில் தொட்டு இழுத்த அளவு போதும். அதோடு கேபிள் எங்கும் 15 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளையக் கூடாது. வளைந்தால் உள்கேபிள் ஒவ்வொரு சுற்றிலும் தங்கித் தாவும். முள் உதறுவதற்கு இரண்டாவது காரணம் இது. மீட்டரைத் தொடாமல் கேபிளை மட்டும் கழற்றிக் கையால் திருகிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இங்கே மீட்டரைத் திறக்க வேண்டியிருந்தது. குரோம் வளையம் சின்னப் பற்களால் பிடித்திருக்கும். கூட்டின் விளிம்பிலுள்ள வெட்டுகளுக்கு நேரே பற்கள் வரும்வரை வளையத்தைத் திருப்பினால் கழன்றுவரும். துரு பிடித்திருந்தால் ஊடுருவும் எண்ணெயை ஊசியால் விளிம்பில் வைத்து ஒரு ராத்திரி விடுங்கள். ரப்பர்க் கையுறை போட்டு உள்ளங்கை முழுவதும் படப் பிடித்துத் திருப்புங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் வளையம் நெளியும், கண்ணாடி விரியும். விளிம்பு முழுக்க மடித்து அடித்த வளையம், பல ஜெர்மானிய மீட்டர்களில் உள்ளது போல, திறந்தபின் பெரும்பாலும் பழையபடி அமராது. புது வளையம் கையில் இருந்தால்தான் அதைத் தொட வேண்டும்.

முள்ளைக் கழற்றுமுன் கட்டாயம் செய்ய வேண்டியது ஒன்று. முள் பூச்சியத்தில் சும்மா நிற்கவில்லை. தடுப்பு ஊசியின் மேல் ஸ்பிரிங் அதை அழுத்திக்கொண்டிருக்கிறது. முள்ளின் நுனியை மெல்லத் தூக்கி ஊசிக்கு மேலாக விடுங்கள். அது பூச்சியத்துக்கும் கீழே போய் ஓரிடத்தில் தானாக நிற்கும். அந்த இடத்தை டயலின் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பென்சிலால் குறியுங்கள். திரும்ப மாட்டும்போது முள் முதலில் அந்தக் கோட்டில் இருக்க வேண்டும், பிறகு ஊசிக்கு மேலாகத் தூக்கி வைக்க வேண்டும். இந்தக் கோடு இல்லாமல் கழற்றிய மீட்டர் எல்லா வேகத்திலும் ஒரே அளவு தவறும். கழற்ற, முள்ளின் குமிழுக்கு அடியில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தேக்கரண்டிக் காம்பு இரண்டை வைத்து நேராக மேலே தூக்குங்கள், டயலின் மேல் தடித்த தாள் போட்டுக்கொண்டு. திருகி இழுத்தால் மெல்லிய அச்சு வளைந்துவிடும், அதற்கு மாற்று இல்லை.

கிண்ணத்தையும் காந்தத்தையும் நாஃப்தா நனைத்த மென்தூரிகையால் சுத்தம் செய்யலாம், டயலுக்கு அருகே அதைக் கொண்டுவராமல். காந்தத்தின் அருகே இரும்புத்தூள் இருக்கும் மேசையும் வேண்டாம். அச்சின் அடியிலுள்ள புஷ்ஷுக்குக் கடிகார எண்ணெய் ஒரே ஒரு துளி. எண் சக்கரங்களுக்கு எண்ணெயே கூடாது, எழுத்து கரையும். இந்த வண்டியில் சக்கரங்கள் ஓடாததற்குக் காரணம், பற்சக்கரத்தைத் தள்ளும் சின்ன நாக்கு காய்ந்த கிரீஸில் ஒட்டியிருந்தது. சுத்தம் செய்ததும் ஓடியது. பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில், மெர்சிடிஸ் மீட்டர்களில் வேறு வியாதி: வார்ப்பு உலோகப் பற்சக்கரம் தன் தண்டின்மேல் வழுக்கும். தண்டைச் சொரசொரப்பாக்கி, இறுகும் பசை துளி விட்டு ஏற்ற வேண்டும். சக்கரத்திலுள்ள எண்களை வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுத்து வையுங்கள். விற்கும்போது கேள்வி வராது.

அளவு சரிபார்க்க டயலிலேயே விடை இருக்கிறது. அடியில் சின்ன எழுத்தில் 1280 என்று போட்டிருக்கும். ஒரு மைலுக்குக் கேபிள் 1,280 சுற்று என்று பொருள். மணிக்கு 60 மைல் என்பது நிமிடத்துக்கு ஒரு மைல், ஆக நிமிடத்துக்கு 1,280 சுற்றில் முள் 60-இல் நிற்க வேண்டும், 640-இல் 30. பழைய கேபிளின் முனையை வெட்டி டிரில்லில் மாட்டி, லேசர் டேக்கோமீட்டரால் சுற்றை அளந்து ஓட்டலாம். கேபிள் எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதை வண்டியில் பார்த்துவிட்டு டிரில்லை அந்தப் பக்கமே ஓட்டுங்கள்.

மீட்டர் சரி, வண்டி சரியா? கியர் பெட்டியையோ டயர் அளவையோ யாராவது மாற்றியிருந்தால் 1280 பொருந்தாது. டேஷ்போர்டுப் பக்கம் கேபிளைக் கழற்றி, முனையில் காகித அம்பு ஒட்டி, நியூட்ரலில் வண்டியை நேராக 16.1 மீட்டர் தள்ளுங்கள். அது மைலில் நூறில் ஒரு பங்கு. அம்பு 12.8 சுற்று சுற்ற வேண்டும்.

மைல் டயலைக் கிலோமீட்டர் டயலாக மாற்றச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள். டயலை மாற்றினால் எண் சக்கரங்களின் பல் விகிதமும் மாற வேண்டும், அசல் முகமும் போய்விடும். வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. நம் சாலைகளுக்கு நான்கு எண்கள் போதும்: 40 கிலோமீட்டர் 25 மைல், 50-க்கு 31, 70-க்கு 43, 90-க்கு 56. கண்ணாடியின் வெளி விளிம்பில் சின்னப் புள்ளியாக ஒட்டிக்கொள்ளலாம்.

இரட்டை மீட்டர், கண்ணாடி, டயல்

தண்ணீர்ச் சூட்டு மீட்டர் இந்த வண்டியில் மின்சாரத்தில் ஓடுவதல்ல. இன்ஜின் தலையிலுள்ள குமிழில் ஈதர். மயிரிழைத் துளையுள்ள செம்புக் குழாய் வழியாக அதன் ஆவி அழுத்தம் மீட்டருக்கு வருகிறது. குழாய் ஒடிந்தால் ஈதர் போய்விடும், முள் எழாது. ஆகவே குமிழைக் கழற்றும்போது நட்டு மட்டும் சுழல வேண்டும், குழாய் சுழலக் கூடாது. குமிழ் இறுகியிருந்தால் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். மிச்சக் குழாயை வெட்டாமல் பெரிய சுருளாகச் சுற்றிக் கட்டுங்கள், அதிர்வு அந்தச் சுருளில் தணியும்.

ஒடிந்த குழாயை ஒட்டும் முறை ஒன்று உண்டு: மலிவான புது மீட்டரின் குமிழை ஐஸும் உப்பும் கலந்த வாளியில் அமிழ்த்தி, ஆவி அழுத்தம் இறங்கியபின் குழாயை வெட்டிப் பழைய மீட்டரோடு சால்டர் செய்வது. நம் ஊரில் இதை வீட்டில் செய்யவே கூடாது. ஈதர் 34.6 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். நம் மதிய வெயில் அதற்கு இரண்டு மூன்று டிகிரிதான் கீழே. குளிர் சற்றுத் தவறினாலும் ஆவி அடுக்குமாடி வீடு முழுக்கப் பரவும், பக்கத்தில் சால்டர் இரும்போ அடுப்போ இருக்கும். இதை இதற்கென்றே இருக்கும் பட்டறைக்கு அனுப்ப வேண்டும்.

குழாய் முழுசாக இருந்தால் சோதனை எளிது. குமிழைப் பானைத் தண்ணீரில் விட்டுத் தெர்மாமீட்டரோடு சூடாக்குங்கள். 82 டிகிரியில் முள் 180 ஃபாரன்ஹீட்டிலும், கொதிக்கும்போது 212-இலும் நிற்க வேண்டும். கீழ்ப்பாதியில் முள் மந்தமாக இருக்கும், ஆவி அழுத்தத்தின் இயல்பு அது.

எண்ணெய்க் கசிவுக்குக் காரணம் குழாய் இணைப்பிலுள்ள தோல் வாஷர் காய்ந்திருந்தது. புது வாஷரை இன்ஜின் எண்ணெயில் ஊறவைத்துப் போட்டால் தீர்ந்தது.

பூஞ்சை கண்ணாடியின் உள்பக்கத்தில்தான் இருந்தது. கண்ணாடியைக் கழற்றி வினிகரில் நனைத்த துணியால் துடைத்து, வடிநீரால் கழுவ வேண்டும். டயலுக்கு இது எதுவும் ஆகாது. எழுத்து மிக மெல்லிய அச்சு. ஆல்கஹால், தின்னர், டபிள்யூடி-40 எதுவும் அதைக் கரைக்கும். ஊதுபந்தும் மென்தூரிகையும் முதலில். போகாத கறைக்கு, பஞ்சுக் குச்சியை வடிநீரில் நனைத்துப் பிழிந்து, வளையம் மறைக்கும் ஓரத்தில் சோதித்துவிட்டு மட்டும்.

1960-களின் தொடக்கத்துக்கு முந்தைய மீட்டர்களில் முள்ளும் எண்ணும் இருட்டில் ஒளிரும் பூச்சாக இருந்தால் சுரண்டாதீர்கள், துடைக்காதீர்கள். அது ரேடியமாக இருக்கலாம். ஒளி மங்கிவிட்டது என்பதால் ஆபத்து போய்விட்டது என்று பொருளில்லை. ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டு. திறக்காமல் பையில் மூடி வையுங்கள்.

கூட்டின் உட்பக்கம் வெள்ளை அடித்திருக்கும், பல்ப் ஒளியைச் சிதறடிக்க. மஞ்சளாகியிருந்தால் வெள்ளை அடித்தாலே இரவில் டயல் கணிசமாகத் தெளியும். பல்ப் 987 வகை, 12 வோல்ட் 2.2 வாட். டயல் விளக்குகளுக்கு எல்இடி போடலாம். பேட்டரி எச்சரிக்கை விளக்குக்குப் போடாதீர்கள்: ஆல்டர்னேட்டர் வேலை தொடங்க அந்தப் பல்ப் வழியே வரும் ஏறத்தாழ 180 மில்லியாம்ப் வேண்டும். எல்இடி அதைத் தராது, சார்ஜ் ஏறாமல் போகும்.

மூடும் நாளுக்கு முந்தைய இரவு, கேமரா வைக்கும் டிரை கேபினெட்டில் மீட்டரைத் திறந்தபடி 40 விழுக்காட்டில் வைத்திருந்து, ஏர்கான் அறையில் மூடினோம். மதியம் வராந்தாவில் மூடினால் அந்த ஈரக் காற்றே உள்ளே அடைபட்டு, முதல் மழையில் கண்ணாடி குளிர்ந்ததும் வேர்க்கும். ரப்பர்ச் சுற்றுக்குப் பதிலாக சிலிக்கோன் பசை பூசுவதாக இருந்தால், புளிப்பு வாடை வரும் வகை கூடாது. அதன் அமில ஆவி பித்தளையையும் செம்பையும் அரிக்கும்.

டேக்கோமீட்டர்

இந்தக் காலத்து எம்ஜிபியின் டேக்கோமீட்டர், இக்னிஷன் காயிலுக்குப் போகும் வெள்ளை ஒயரின் மின்னோட்டத்தை உணர்வது. அந்த ஒயர் மீட்டரின் முதுகிலுள்ள பிளாஸ்டிக் கட்டையைச் சுற்றிப் போகும். சுற்றும் திசை மாறினால் முள் எழாது. கழற்றுமுன் படம் எடுங்கள். எலெக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டிய வண்டிகளில், அந்தக் கருவி குடிக்கும் மின்சாரம் இந்தச் சுற்று வழியே போகாமல், அதற்கு முன்னாலேயே எடுக்க வேண்டும்.

குறைத்துக் காட்டியதற்குக் காரணம் உள்ளே இருந்தது. பழைய கார்பன் ரெசிஸ்டர்கள் ஈரம் குடித்து ஓம் ஏறிவிடும், எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் காய்ந்துவிடும். ஒவ்வொன்றையும் ஒரு காலைக் கழற்றி அளந்து, வண்ணப்பட்டையில் உள்ள மதிப்பிலிருந்து பத்து விழுக்காட்டுக்கு மேல் விலகியதை மெட்டல் ஃபிலிம் வகையால் மாற்றினோம். டிரான்சிஸ்டரைத் தொட வேண்டியிருக்கவில்லை. அதன் காலருகே சால்டர் செய்யும்போது குறடால் காலைப் பிடித்துக்கொண்டால் சூடு உள்ளே ஏறாது. பிறகு முதுகுத் துளை வழியே உள்ள திருகால் அளவு சரிசெய்ய வேண்டும். நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு பொறி. அதனால் நொடிக்கு 50 துடிப்பு 1,500 சுற்று, 100 துடிப்பு 3,000 சுற்று. முதல் அளவைச் சுமார் 1,000 சுற்றிலும், இரண்டாவதை 3,000-இலும் நம்பகமான டேக்கோமீட்டரோடு ஒப்பிட்டு, 3,000-இல் சரியாக வையுங்கள். கீழே ஐம்பது சுற்று முன்பின் இருந்தால் பரவாயில்லை.

மாட்டும்போது

பேட்டரி எர்த் கழன்றே இருக்கட்டும். எண்ணெய்க் குழாயை முதலில் மாட்டுங்கள், கை நுழைய இடம் இருக்கும்போதே. பிறகு ஸ்பீடோ கேபிள்: சதுர முனை உள்ளே அமர்ந்த பின்தான் வளையத்தைக் கையால் இறுக்க வேண்டும், குறடு வேண்டாம். ஒவ்வொரு மீட்டரின் கூட்டுக்கும் கறுப்பு எர்த் ஒயர் வந்திருக்கிறதா என்று பாருங்கள். டயல் விளக்குகளின் எர்த்தும் அதுவே.

இன்ஜினை ஓட்டியதும் இணைப்பைச் சுற்றி வெள்ளை டிஷ்யூத் தாளைச் சுற்றி வையுங்கள், நூல் கசிவும் அதில் தெரிந்துவிடும். சூடான இன்ஜினில் எண்ணெய் அழுத்தம் ஓடும்போது 50 முதல் 80 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), சும்மா நிற்கும்போது 10 முதல் 25. இதற்குக் கீழே காட்டினால் மீட்டரைச் சந்தேகிக்குமுன் வேறொரு மீட்டரை அதே இணைப்பில் மாட்டி அளந்துவிடுங்கள். அதுவும் அதையே காட்டினால் பார்க்க வேண்டியது இன்ஜினை.